கை தட்டியவள் பெயர்

இந்த அறையில் மின்விசிறி கொஞ்சம் சத்தம் போடுகிறது. எனக்கு அது தொந்தரவு இல்லை. ஆனால் நான் சொல்வதைப் பதிவு செய்யப்போவதாகச் சொன்னீர்கள். பிறகு போட்டுக் கேட்கும்போது என் குரல் பாதி, விசிறி பாதி என்று வந்தால் உங்களுக்குத்தான் சிரமம். நிறுத்திவிட்டீர்களா, நல்லது. வியர்த்தால் துடைத்துக்கொள்ளலாம்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். இஸ்மாயில் சாஹேப் மேல் விசாரணை என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எத்தனையோ வருஷமாக இந்த ஊர் மைதானங்களில் துப்பாக்கியைத் தூக்கி ஓட்டப்பந்தயங்களைத் தொடங்கிவைக்கிறவர். அவர் செய்யாத ஒன்றை அவர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு அநியாயம் ஆகாது. வகுப்பில் யாராவது சாக்பீஸ் திருடினால் முதலில் எழுந்து பெயரைச் சொல்வது நான்தான்.

பதிவு என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். சர்வதேச மாணவர் தடகளப் போட்டியில் பெண்கள் நூறு மீட்டர் இறுதிப் பந்தயம். ஐந்தாவது தடத்தில் எங்கள் சாய்பிரியா. ஸ்டார்ட்டர் இஸ்மாயில் சாஹேப். 'செட்' என்று அவர் சொன்னதும் எட்டுப் பெண்களும் இடுப்பை உயர்த்தினார்கள். துப்பாக்கி வெடிக்கும் முன்பே சாய்பிரியா கிளம்பிவிட்டாள். முன்னே அசைந்தால் இந்தக் காலத்தில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. சிவப்பும் கறுப்புமான அட்டையைக் காட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். அனுப்பினார்கள். அவளுடைய பல்கலைக்கழகம், ஸ்டார்ட்டர் வேண்டுமென்றே அளவுக்கு மீறி இழுத்தடித்தார் என்று புகார் எழுதிக் கொடுத்திருக்கிறது. அவருடைய உரிமத்தைப் பறிப்பது பற்றிப் பேசுகிறார்கள்.

அவர் எதையும் இழுத்தடிக்கவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். எட்டுப் பேரும் சிலையாக நிற்கும்வரை காத்திருப்பார். அவர் 'செட்' சொன்ன பிறகு ஒரு மண்குவளை டீயைக் குடித்து முடித்துவிடலாம் என்று இந்த ஊர் ஓட்டக்காரர்கள் கேலி செய்வது வழக்கம். சாய்பிரியாவும் செய்திருக்கிறாள்.

இனி நான் யார் என்று சொல்ல வேண்டும். கொல்கத்தா டாக்குரியாவில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்திலேயே கும்பகோணத்திலிருந்து வந்துவிட்டோம். அப்பா வங்கியில் அதிகாரி. நான் புள்ளியியல் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். இந்தப் போட்டியில் தன்னார்வலராக இருந்தேன். ஓடுகிறவர்கள் கடைசி நேரத்தில் கழற்றிப் போடும் மேலுடைகளைக் கூடையில் வாங்கிக்கொண்டு முடிவுக்கோட்டில் கொண்டுபோய் வைக்கும் வேலை. ஐந்தாவது தடத்துக் கூடையை நான் கேட்டு வாங்கினேன். தோழிக்காகக் கேட்கிறேன் என்று எல்லாருக்கும் அதில் சந்தோஷம்.

சாய்பிரியா ஐந்தாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு வந்தாள். அவள் அப்பா பாலசுப்ரமணியன் மாமா மதுரைக்காரர், ஹவுராவில் ரயில்வே வேலை. டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ். வந்த முதல் நாளே என் பக்கத்தில் உட்கார்ந்து என் எலுமிச்சை சாதத்தைப் பாதி சாப்பிட்டுவிட்டு, "ஒங்க வீட்ல உப்பே போட மாட்டீகளா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து நாங்கள் பிரியவில்லை. என் அம்மா அவளையும் இழுத்துக்கொண்டு போய் ஜெயலக்ஷ்மி மாமியின் சனிக்கிழமைப் பாட்டு வகுப்பில் சேர்த்தாள். கொல்கத்தாவில் பிறக்கும் தமிழ்க் குழந்தைக்குத் தமிழ் வருகிறதோ இல்லையோ, சனிக்கிழமை பாட்டு வகுப்பு வந்துவிடும்.

சாய்பிரியாவுக்குச் சுருதி நிற்காது. அவள் 'ஸா' பிடித்தால் பக்கத்து வீட்டு வங்காளி பௌதி ஜன்னலைச் சாத்துவாள். ஆனால் தாளம் மட்டும் அவள் எலும்பில் இருந்தது. மாமி சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாலும் அவள் தொடையில் ஆதி தாளம் அதே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கும் தாளம் நன்றாக வரும். நான் போடும் தாளத்துக்கு வேகம் கூடாது, குறையாது. மாமியின் மகன் வருண் மிருதங்கம் வாசிப்பான். "மாதங்கி தாளம் போட்டா கடிகாரத்தைக் கழட்டி வெச்சுடலாம்" என்பான். பாராட்டாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

பிறகு அவள் ஓட ஆரம்பித்தாள். காலேஜில் நரேன்தா பயிற்சியாளராக வந்தார். வாரத்தில் பாதி நாள் அவருக்கு வேறு ஊர், வேறு பிள்ளைகள். காலை நேரத்தில் டாக்குரியா லேக்கைச் சுற்றியிருக்கும் புல்தரையில் தொடக்கப் பயிற்சிக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. 'செட்' என்று சொல்லிக் கை தட்ட வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கிக்குப் பதில் கை. நான் ஒப்புக்கொண்டேன். மழை, பனி, பூஜை விடுமுறை எதுவும் பார்க்காமல் விடிந்ததும் போய் நிற்பேன். நரேன்தா எனக்கு ஒரே ஒரு விதிதான் சொல்லியிருந்தார். "ஒரு தடவை தட்டின மாதிரி அடுத்த தடவை தட்டாதே. சில தடவை உடனே தட்டு. சில தடவை இழு. சில தடவை தட்டவே தட்டாதே. காது கேட்டுத்தான் கால் கிளம்பணும், மனசு கணக்குப் போடக் கூடாது." இரண்டு வருஷம் அப்படியேதான் தட்டினேன். விதிகளை மீறுகிற பழக்கம் எனக்கு இல்லை.

இந்தப் போட்டி கொல்கத்தாவில் நடக்கப்போகிறது என்று ஆனதும் சாய்பிரியாவைத் தேடி ஒரு டிவி சேனலிலிருந்து வந்தார்கள். உள்ளூர்ப் பெண், வங்காளி மாதிரியே வங்காளம் பேசுகிற தமிழ்ப்பெண், நல்ல சிரிப்பு. லேக் கரையிலேயே வைத்துப் பேட்டி எடுத்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி அவள் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் அம்மா அப்பாவுக்கு நன்றி சொன்னாள். நரேன்தாவுக்குச் சொன்னாள். லேக் கோயில் காளிக்குச் சொன்னாள். டீக்கடை பிஷுதாவுக்குச் சொன்னாள், காசு பிறகு வாங்கிக்கொள்கிறாராம். அதன் பிறகு, அவள் ஓடும்போது கூடவே ஓடிவரும் தெருநாய் புலு. அதற்கும் நன்றி சொன்னாள், பெயர் சொல்லி. கேமராவைத் திருப்பி அதைக் காட்டச் சொன்னாள். அது வாலை ஆட்டியது. கடைசியில் பேட்டி எடுத்த பையன், தொடக்கத்தை எப்படிப் பழகுகிறாய் என்று கேட்டான். "கேவு ஏக்ஜோன் ஹாத்தாலி தேய்" என்றாள். யாரோ ஒருத்தர் கை தட்டுவார் என்று அர்த்தம்.

இதையெல்லாம் பொருட்படுத்துகிறவள் இல்லை நான். வீட்டில் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தபோது அம்மாதான், "நாயோட பேரெல்லாம் சொல்றாளே, உன் பேர் எங்கடி காணோம்?" என்று கேட்டாள். நேரம் போதவில்லை, வெட்டியிருப்பார்கள் என்றேன். வெட்டவில்லை, நான் அங்கேதான் நின்றேன். அதன் பிறகும் சில தடவை போட்டுப் பார்த்தேன், ஒலிப்பதிவு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. தெளிவாகத்தான் இருந்தது. அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நாய்க்குப் பெயர் இருக்கிறது, எனக்கு இல்லை.

ஆனால் நான் பிறகு செய்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சாய்பிரியாவிடம் ஒரு குறை இருந்தது. எல்லாம் தானாக நடக்கிறது என்று நினைப்பாள். கவனிக்க மாட்டாள். யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தடவையாவது நின்று கவனித்திருந்தால் அவளுக்கே நல்லது. அதை அவள் கற்றுக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் கொடுக்கலாம் என்று தோன்றியது. தோழி என்றால் அந்தக் கடமை உண்டு.

அடுத்த நாளிலிருந்து கை தட்டுவதைக் கொஞ்சம் மாற்றினேன். ஒரேயடியாக அல்ல, அப்படிச் செய்தால் தெரிந்துவிடும். புள்ளியியல் படிக்கிறவளுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டும் நேரங்களில் சிதறல் இருக்கிறதே, அதை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் எல்லாத் தட்டும் ஒரே இடத்தில் விழுந்தது. எந்த இடம் என்றால், ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். முதலில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். அதற்கு அடுத்து இன்னொரு தட்டு. நான் 'செட்' என்று சொல்வது முதல் தட்டு. மூன்று விரலும் மனசுக்குள். அடுத்த தட்டில் என் கை நிஜமாகவே தட்டும். வேறு ஒருத்தியாக இருந்தால் இது வேலை செய்திருக்காது. சனிக்கிழமை வகுப்பில் எட்டு வருஷம் உட்கார்ந்த உடம்புக்கு அந்த இடம் வந்தால் நிற்கத் தெரியாது.

அவள் தொடக்கம் அபாரமாக ஆகிவிட்டது. நரேன்தா ஊரிலிருந்து திரும்பிவந்து பார்த்துவிட்டு அசந்துபோனார். தட்டும் காலும் ஒன்றாகக் கேட்கிறதே என்றார். அவளை முதுகில் தட்டிக்கொடுத்து, கூட இருந்த பெண்களிடம், "இவளைப் பாருங்க, இதுதான் கவனம்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உள்ளங்கை சிவந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

ஒரு காலையில் சோதித்துப் பார்த்தேன். 'செட்' என்றேன். கையைத் தூக்கினேன், தட்டவில்லை. சாய்பிரியா கிளம்பிப் போய்விட்டாள். புலுவும் அதே நொடியில் பாய்ந்து ஓடியது. நாய்க்கும் தாளம் பிடித்துவிட்டது பாருங்கள், அதற்கு எந்த வகுப்பும் தேவைப்படவில்லை. பாதி தூரத்தில் சாய்பிரியா நின்று திரும்பினாள்.

"ஏய், நீ தட்டுனியா இப்ப?"

"தட்டினேனே. காதுல விழலையா? ரயில் போச்சு, அதான்."

லேக்குக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. எப்போதும் ஏதாவது ஒரு வண்டி போய்க்கொண்டுதான் இருக்கும். அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். "கேக்கலன்னாலும் கரெக்டா கெளம்பிட்டேன் பாத்தியா" என்றாள். பார்த்தேன் என்றேன். வேலை முடிந்துவிட்டது என்று அப்போது தெரிந்தது.

இந்தப் பந்தயத்தில் அவளுக்கு என்ன இருந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாலசுப்ரமணியன் மாமாவுக்கு இந்த வருஷம் ஓய்வு. அதன் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மகளுக்கு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால் குடும்பம் இங்கேயே இருக்கும், அவளும் ஓடிக்கொண்டே இருப்பாள். சர்வதேச மாணவர் போட்டியில் ஒரு பதக்கம் இருந்தால் போதும், எந்தப் பதக்கமானாலும் சரி என்று மாமாவிடம் ஒரு பெரிய அதிகாரி சொல்லியிருந்தார். சாய்பிரியாவுக்குப் படிப்பு முடிகிறது. மாணவியாக அவள் ஓடும் கடைசிப் போட்டி இதுதான். இல்லாவிட்டால் மதுரை, அத்தை வீட்டு மாடி, மாப்பிள்ளை பார்க்கும் படலம். அத்தை ஏற்கெனவே ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டாள். இது எல்லாம் எனக்குத் தெரியும். அவள் என்னிடம் மறைத்தது எதுவும் இல்லை.

முதல் சுற்றுக்கும் அரையிறுதிக்கும் ஸ்டார்ட்டர் சாதனா மேடம். அவருக்குக் கை வேகம். அவர் துப்பாக்கி வெடிக்கும் நேரமும் என் கை தட்டும் நேரமும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம், அவர்தான் சற்று முந்துவார். இதைக் கோடையில் நடந்த மாநிலப் போட்டியில் கூடை தூக்கியபோதே கவனித்து வைத்திருந்தேன். ஆகவே இரண்டு ஓட்டத்திலும் சாய்பிரியா கால் ஊன்றும் பிளாக்கிலிருந்து கிளம்பியதைப் பார்த்து வெளிநாட்டுப் பயிற்சியாளர்களே திரும்பிப் பார்த்தார்கள். மிக வேகமாகத் தகுதி பெற்ற மூவரில் அவளும் ஒருத்தி. மூவர் என்றால் மூன்று பதக்கம், கணக்கு எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்தது. மாமா மைதானத்துக்கு வெளியே நின்று யாருக்கோ போன் போட்டு, "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இறுதிப் போட்டிக்கு இஸ்மாயில் சாஹேப் என்று தன்னார்வலர்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். முக்கியமான இடத்துக்கு எப்போதும் அவர்தான். அன்று சாயங்காலம் பயிற்சித் தளத்தில் சாய்பிரியா காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் ஷூ ஆணிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு இஸ்மாயில் சாஹேபாம்டி" என்றாள். "மனுஷன் இழுப்பாரே. கொஞ்சம் மாத்தி மாத்தித் தட்டேன், ஒரு நாலு தடவ போட்டுப் பாத்துக்கறேன்."

இந்த இடத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நீங்களும் யோசிப்பீர்கள். இருபது நிமிஷம் போதும், நரேன்தா சொன்ன பழைய மாதிரி தட்டியிருந்தால் அவள் காது விழித்துக்கொண்டிருக்கும். அவளாகவே கேட்டாள். என் கையும் சும்மாதான் இருந்தது.

"ஃபைனலுக்கு முன்னாடி நாள் எதையும் மாத்தக் கூடாது சாய்" என்றேன். "நன்னா வந்துண்டிருக்கறதை ஏன் கலைக்கணும்? போய்த் தூங்கு."

எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். வேண்டுமானால் நரேன்தாவைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தப்பான ஆலோசனை என்று அதில் ஒரு சொல் கூட இல்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு, "நீ சொன்னா சரிதான்" என்று எழுந்துபோனாள்.

மறுநாள் ஐந்தாவது தடத்துக்குப் பின்னால் கூடையுடன் நின்றேன். ஒலிபெருக்கியில் பெயர்கள் வந்தன. அவள் பெயருக்கு மைதானமே கத்தியது. எங்கோ பெண்கள் சங்கு ஊதினார்கள், குலவை இட்டார்கள். மேலுடையைக் கழற்றி என் கூடையில் போட்டவள், திரும்பி நின்று, "தட்டுடி" என்றாள். அது எங்கள் வழக்கம். ஓடுவதற்கு முன் அவள் தோளில் நான் தாளம் போடுவேன், ஒரே ஒரு சுற்று. தட்டினேன். சுண்டு, மோதிரம், நடு, தட்டு. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தி. அவள் கண்ணை மூடித் தலையை ஆட்டினாள். அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகு தன்னார்வலர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக முடிவுக்கோட்டுப் பக்கம் நடக்க வேண்டும். மற்ற ஏழு பேரும் வேகமாகப் போனார்கள். நான் மெதுவாக நடந்தேன். அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்று எனக்குத் தெரியும்.

இஸ்மாயில் சாஹேப் 'செட்' என்றார். மைதானம் அடங்கியது. ஏழாம் தடத்தில் ஒரு பெண்ணின் முழங்கால் கொஞ்சம் நடுங்கியது. அது அடங்கட்டும் என்று அவர் காத்திருந்தார். காத்திருக்க வேண்டியதுதான், அது அவர் வேலை. நான் நடந்துகொண்டே எண்ணினேன். என் தட்டு வந்த இடத்தில் அவள் கிளம்பினாள். துப்பாக்கி அதற்குப் பிறகுதான் வெடித்தது, அடுத்து உடனே இன்னொரு முறை, எல்லாரையும் நிறுத்துவதற்காக.

அவள் நிற்கவில்லை, பாதி தூரம் ஓடிவிட்டாள். யாரோ வேறு ஒருத்தி தப்பு செய்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தாள். அட்டை தன் முன்னால் உயர்ந்ததைப் பார்த்ததும் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாருக்கோ காட்டுகிறார்கள் என்று. அந்த ஒரு நிமிஷம் நான் நடப்பதை நிறுத்திவிட்டேன், அது உண்மை. பிறகு என் கடமை ஞாபகம் வந்தது. கூடையுடன் போய் மேலுடையை எடுத்து அவள் தோளில் போட்டேன்.

பெரிய திரையில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பிளாக்கில் அவள், கோட்டுக்குப் பின்னால் ஊன்றிய விரல்கள். கவனித்துப் பார்த்தால் 'செட்'டுக்குப் பிறகு சுண்டு விரல் லேசாக அழுந்தும். அடுத்து மோதிர விரல். அடுத்து நடு விரல். பிறகு அவள் இருக்க மாட்டாள். ஆயிரக்கணக்கான பேர் அதைப் பார்த்தார்கள். என்னைத் தவிர யாருக்கும் புரியவில்லை. அவ்வளவு பெரிய மைதானத்தில் அப்படித் தனியாக நிற்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஓய்வறையில் என் மடியில் தலை வைத்து அழுதாள். "துப்பாக்கிதான்டி லேட்டு" என்றாள். "எனக்குத் தெரியும், நான் கரெக்டாத்தான் கெளம்புனேன். ஒன் தட்டு எங்க வரும்னு எனக்குத் தெரியாதா?" அவள் தலையைக் கோதிவிட்டேன். ஆமாம், லேட்டுதான் என்றேன். வெளியே மாமா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை.

அவள் வெளியே வந்ததும் கேமராக்கள் சூழ்ந்துகொண்டன. நான் அவள் தோளை அணைத்துப் பிடித்திருந்தேன், படத்தில் என் கை மட்டும் தெரியும். அவள் பேசியது முழுக்க இஸ்மாயில் சாஹேபைப் பற்றி. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் இஸ்மாயில் சாஹேப். ஒரு பத்திரிகையில் அவர் படம் அவள் படத்தைவிடப் பெரியது. ஒரு ஓட்டக்காரியின் வாழ்க்கையை மாற்றிய மனிதர் என்று தலைப்பு. நான் அதை இரண்டு தடவை படித்தேன்.

வருண் இப்போது நியூ டவுனில் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். பழைய பாட்டு வகுப்பு வாட்ஸாப் குழுவில் அந்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் போட்டு, "சாய்பிரியா பிளாக்ல உக்காந்து ஆதி தாளம் போடறா பாருங்கோ" என்று எழுதினான். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயலக்ஷ்மி மாமி கை கூப்பும் படம் போட்டாள். சற்று நேரம் கழித்து வருண் எனக்கு மட்டும் தனியாக அனுப்பினான். "அந்த வேகம் உன்னோடதாச்சே மாதங்கி." அவ்வளவுதான், வேறு எதுவும் எழுதவில்லை. மிருதங்கக்காரனுக்கு யார் தாளம் என்று தெரியாமல் போகாது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. ஒருத்தனாவது கவனித்தானே என்று இருந்தது. அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது நான்தான் கூட இருந்தேன். பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டினேன், எல்லாத் தாளிலும் இஸ்மாயில் சாஹேபின் முகம். சாய்பிரியா தன் ஸ்பைக் ஷூவை எனக்குக் கொடுத்தாள். "மதுரையில இத வெச்சு என்னடி பண்ணப் போறேன்" என்றாள். எனக்கு ஒரு சைஸ் சின்னது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். ஹவுராவில் ரயில் ஏறியதும் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்ன மாதிரி ஒருத்தி கெடைக்க மாட்டா" என்றாள். பெட்டியில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். வேறு யாருக்கும் கேட்கவில்லை.

ஆகவே நான்தான் செய்தேன். இஸ்மாயில் சாஹேபுக்கு இதில் துளிக்கூடப் பங்கு இல்லை. அவர் துப்பாக்கியைத் தூக்கினார், காத்திருந்தார், சுட்டார். மழையிலும் பனியிலும் விடியற்காலையில் எழுந்துபோய், உள்ளங்கை சிவக்கத் தட்டி, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு உடம்புக்குள் ஒரு தட்டைக் கொண்டுபோய் வைத்தது வேறு ஆள். அவருக்குத் தாளம் போடக்கூடத் தெரியாது, வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். இதை அவர் செய்தார் என்று ஊரெல்லாம் சொல்வது எனக்குத் தாங்கவில்லை. அது அவருக்கு அநியாயம். அவருக்காகத்தான் சொல்கிறேன்.

தண்டனை என்ன என்று தெரியவில்லை. விதிப்புத்தகத்தில் கை தட்டுவது பற்றி எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன். எதுவானாலும் சீக்கிரம் சொல்லிவிட்டால் நல்லது, நாளைக் காலை எனக்கு லேக்கில் வேலை இருக்கிறது. நரேன்தா மேக்னா என்று ஒரு புதுப் பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறார், கை தட்ட ஆள் இல்லையாம். பாட்டு கற்றுக்கொண்டிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை, பத்து வருஷம் பரதநாட்டியம் என்றாள். நல்ல பெண்ணாகத் தெரிகிறாள், என் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஞாபகம் வைத்துக்கொள்கிறாளா என்று பார்க்க வேண்டும்.

விசிறியை இனிப் போட்டுக்கொள்ளலாம். இல்லை, ஒரு நிமிஷம், இன்னும் ஒன்று இருக்கிறது, அதுவும் பதிவாகட்டும். நீங்கள் அறிக்கை எழுதுவீர்கள். பத்திரிகைக்காரர்கள் அதை வாங்கிப் படிப்பார்கள். மதுரையில் சாய்பிரியாவும் படிப்பாள். எனக்கு விளம்பரம் பிடிக்காது, உங்களுக்கே அது இத்தனை நேரத்தில் புரிந்திருக்கும். ஆனாலும் என் பெயர் மாதங்கி, அப்பா பெயர் வெங்கடநாராயணன். யாரோ ஒருத்தர் கை தட்டினார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.